முதல் ஞாயிறுகளில் எழுந்து போகாதவர்கள்

மகளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று இன்று காலை வடக்குத்து ஊர் முக்குக் கடையில் சூடமிட்டாய் வாங்கினேன். காகிதத்தைப் பிரித்து அவள் கையில் கொடுக்கும்போது வாசனை மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. அவளைக் கல்லூரி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இருக்கிறவர்களோடு பேச எனக்கு அதிகம் ஒன்றும் இல்லை.

உன் கைப்பையில் இந்த மிட்டாய் எப்போதும் கிடக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. எல்லோரும் வரிசையாக எழுந்துபோய்ப் பீடத்தின் முன்னால் அப்பமும் ரசமும் வாங்க முழங்கால் போடும்போது, பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் நீயும் நானும் மட்டும் உட்கார்ந்திருப்போம். முன்னால் போகிறவர்கள் நம்மைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டு போவார்கள். நீ ஒரு மிட்டாயை என் உள்ளங்கையில் வைத்து மூடுவாய்.

"வாயில போட்டுக்க ரோசி. இல்லன்னா பல்லக் கடிச்சிக்கினே ஒக்காந்திருப்ப."

ஆறு வருஷம் அப்படி உட்கார்ந்தோம். எனக்குக் காரணம் இருந்தது. உனக்கு நான்தான் காரணம்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை எழுதுகிறேன், ஏனென்றால் எழுத எழுதத்தான் என் கோபம் ஆறாமல் இருக்கிறது. என் வீட்டுக்காரர் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் கிடக்கும் கரியையும் சேற்றையும் வழித்துப் போடும் வேலை. அன்றைக்கு முதல் ஷிப்ட். டீ நேரத்தில் போன் செய்தார். "பெல்ட்டு நின்னுக்கினு இருக்குது. ரோலராண்ட சேறு வழிச்சு வுடச் சொல்லி அண்ணன் சொல்லிட்டாரு. முடிச்சிட்டு சாப்புடறேன்" என்றார். அண்ணன் என்றால் அவருடைய சூப்பர்வைசர். நம் சபையில்தான், ஆண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் உட்காருவார். அவர் பெயரை இந்தக் காகிதத்தில் எழுத எனக்கு மனமில்லை. ஆள் உள்ளே இருக்கும்போது பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டது.

அடக்கத்துக்கு அந்த மூன்றாம் பெஞ்சுக்காரர் வந்தார். பெட்டிக்குத் தோள் கொடுத்தார். கல்லறையில் நின்று கனத்த குரலில் பாட்டும் பாடினார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நான் அழுதுகொண்டே நினைத்தேன். மூன்று வாரம் கழித்து, விசாரணையில் அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தின் நகல் என் கைக்கு வந்தது. 'அனுமதி பெறாமல் தானாகவே சென்றார்' என்று எழுதி, கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. எனக்கு வந்த போனை நான் சொன்னேன். பெண்டாட்டி அப்படித்தான் சொல்வாள் என்று விட்டுவிட்டார்கள்.

மகள் அப்போது எட்டாவது படித்தாள். பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொல்லி, வீட்டுக்கு வந்து கேட்டாள். "அப்பா ஏம்மா சொல்லாம கொள்ளாம அங்க போனாரு?" எனக்கு மற்ற எதுவும் வேண்டியதில்லை. அந்தக் கையெழுத்துப் போட்ட கை, 'நான்தான் அனுப்பினேன்' என்று ஒரு வரி எழுதவேண்டும். என் பிள்ளை அதைப் படிக்கவேண்டும்.

அந்த மனிதர் பாடுகிற இடத்தில் எனக்கு என்ன வேலை என்று சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினேன். ஜெபத்தையும் விட்டேன். வேதப்புத்தகத்தைத் துணிகளுக்கு அடியில் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் 'மன்னிச்சிடு சிஸ்டர், பாரம் குறையும்' என்றார்கள். டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

நீ மட்டும் ஞாயிறுதோறும் டவுன்ஷிப்பிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, என் வாசலில் நின்று ஹாரன் அடித்தாய். நாலு வாரம் நான் வெளியே வரவில்லை. ஐந்தாவது வாரம் ஹாரனை விடாமல் அழுத்த, தெருவே எட்டிப் பார்த்தது. திட்டத்தான் வெளியே வந்தேன்.

"மன்னிக்கச் சொல்லி உங்கிட்ட வந்தேனா நானு?" என்று நீ சண்டைக்கு நின்றாய். "வந்து கோவமாவே ஒக்காரு. வூட்ல ஒக்காந்துகினு கோவப்பட்டா யாருக்குத் தெரியும்? அந்தாளு திரும்பிப் பாக்கற எடத்துல ஒக்காந்து கோவப்படு."

அப்படித்தான் நான் திரும்பி வந்தேன். பக்தியினால் வரவில்லை, பழிவாங்கத்தான் வந்தேன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் ஞாயிறு வந்தது. சகோதரன்மேல் கசப்பை வைத்துக்கொண்டு அந்தப் பந்தியில் கைநீட்டக்கூடாது என்பது நம் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் எழுந்து போகவில்லை. நீ போவாய் என்று காலை ஒடுக்கி வழிவிட்டேன். நீ சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாய். உனக்கு என்னடி வந்தது என்று கிசுகிசுத்தேன். "நீ போற அன்னிக்கி நானும் வரேன்" என்றாய். அவ்வளவு பெரிய காரியத்தைக் கறிகாய் வாங்கப் போவதுபோலச் சொன்னாய்.

வெள்ளிக்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் நீ செய்ததை இன்றைக்கும் பேசுகிறார்கள். ஜெப விண்ணப்பங்களைச் சீட்டில் எழுதிக் கொடுக்க, நீ வாசிப்பாய். சர்க்கரை வியாதி, பையனுக்கு பெர்மனென்ட் வேலை, மருமகளுக்குக் குழந்தை. என் சீட்டில், மூன்றாம் பெஞ்சுக்காரர் விழவேண்டும், எழும்பவே கூடாது என்று எழுதியிருந்தேன். நீ ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாய். பிறகு கண்ணை மூடினாய்.

"ஆண்டவரே, இவ கேட்டது உங்க காதுல வுழுந்துச்சு. நீங்களே பாத்துக்குங்க. இவ கையில மட்டும் வுட்டுடாதீங்க."

முதலில் ஆமென் சொன்னது நான்தான். அதன்பிறகு மற்ற பெண்களும் என்னிடம் நடந்துகொள்கிற விதம் மாறியது. மன்னிப்பைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, மகளுக்குப் பரீட்சை என்றால் வந்து உட்கார்ந்தார்கள். நான் படுத்தால் கஞ்சி வைத்தார்கள். நம்பிக்கை என்று எனக்கு மிச்சமிருந்தது அவர்கள் கையில்தான் இருந்தது.

பிறகு உனக்கு வியாதி வந்தது. வயிற்றில் என்று தெரிந்தபோது அது கைமீறிப் போயிருந்தது. கடைசி வாரம் போதகர் ஐயா உன் குவார்ட்டர்ஸுக்கு நற்கருணை கொண்டுவந்தார். சபை மூப்பர் ஒருவர் கிண்ணம் பிடிக்க வருவது வழக்கம். அந்த வருஷம் மூன்றாம் பெஞ்சுக்காரர்தான் மூப்பர்.

ஆறு வருஷமாக நீ வாங்காதது என்னால். இப்போது எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடக்கிறாய். ஐயா என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்கிக்கங்க சிஸ்டர், அவங்களும் வாங்குவாங்க" என்றார். கிண்ணம் அந்தக் கையில் இருந்தது. கையெழுத்துப் போட்ட அதே கை. உனக்காக, உனக்காக மட்டும், என் முழங்கால் பாதி மடிந்துவிட்டது. பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். நீ கையை உயர்த்தி நிறுத்தினாய்.

"அண்ணா, பொதுவா சொன்னது போதும். ரோசி வூட்டுக்காரர பெல்ட்டுக்கு அடியில அனுப்பனது யாரு? அத சொல்லிட்டு அப்பறம் கிண்ணத்தத் தூக்குங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கும் புள்ளைங்க இருக்குதுங்க சிஸ்டர்" என்றார். கிண்ணத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அனுப்பியது அவர்தான் என்பது அந்த வார்த்தையிலேயே இருந்தது. அது ஐயா காதில் விழுந்தது, உன் வீட்டுக்காரர் காதில் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. ஆனால் அதில் கையெழுத்து இல்லை.

நீயாவது வாங்கிக்கொள்ளடி என்று உன் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "அங்க போயி வாங்கிக்கறேன். கடைசி பெஞ்சுல உனக்கும் எடம் புடிச்சு வெக்கிறேன்" என்று சிரித்தாய். நாலாம் நாள் போய்விட்டாய். உன்னைக் கடைசிப் பந்திகூட இல்லாமல் அனுப்பியதற்கு யாரைப் பழிவாங்குவது? என்னையா, அவரையா? இதற்கும் சேர்த்து அவரையே பழிவாங்குவது என்று முடிவு செய்தேன்.

உன் பெட்டிக்கும் அவர் தோள் கொடுக்க வந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். "இந்தப் பொட்டிய நீங்க தொடக்கூடாது." சபை முழுக்க நின்றிருந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். எனக்கு அன்றைக்கு வந்த திருப்தியை உன்னிடம் மறைக்கமாட்டேன். சாவு வீட்டில் வெல்லம் தின்றதுபோல இனித்தது.

அடுத்த முதல் ஞாயிறு, எல்லோரும் பீடத்துக்கு எழுந்து போனார்கள். நான் வழக்கம்போல உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் அவரும் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து மாதாமாதம் காலியான பெஞ்சுகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர்தான். மூப்பர் பொறுப்பையும் விட்டுவிட்டாராம். இரக்கம் வரவில்லை. நன்றாக உட்காரட்டும் என்றிருந்தது.

போன மாதம் அவருக்கு நெஞ்சுவலி. ஐசியூவில் வைத்திருக்கிறார்கள், பிழைப்பது கஷ்டம் என்று ஜெபக்கூட்டப் பெண்கள் போன் செய்தார்கள். தெய்வம் நின்று கொல்லும் என்பார்களே, இப்போது கொல்ல வந்துவிட்டது என்று எனக்கு ஒரு துள்ளல். நான் எழுதிக் கொடுத்த சீட்டு அப்படியே பலிக்கிறது! போனை வைத்தேன். மகள் உள்ளே ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அந்தத் துள்ளல் அடங்கிவிட்டது. இந்த ஆள் இன்றைக்குச் செத்தால் உண்மையும் கூடவே குழிக்குள் போய்விடும். 'தானாகவே சென்றார்' என்பதுதான் கடைசி வரைக்கும் நிற்கும்.

அடுப்படியிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இவர எடுத்துக்காதீங்க. எழுதிக் குடுக்கற வரைக்கும் வுடாதீங்க. அப்பறம் உங்க இஷ்டம்" என்று கதறினேன். பெற்ற தகப்பனுக்குக்கூட நான் அப்படி ஜெபித்ததில்லை.

பிழைத்துவிட்டார். இளைத்துப்போய், ஆள் துணையோடு வந்து உட்காருகிறார். இன்னும் வாய் திறக்கவில்லை. நானும் விடுவதாக இல்லை. தினமும் விடியற்காலையில் எழுந்து, அவருக்குச் சுகம் கொடு, பலம் கொடு, நீண்ட ஆயுசு கொடு என்று கேட்கிறேன். நல்ல மனசோடு கேட்கவில்லை. ஆனால் அவருடைய மனைவிகூட ஒருநாள் அசதியில் மறந்திருப்பாள். நான் ஒருநாளும் மறந்ததில்லை.