எல்பன்ரோடாவிலிருந்து ஒரு பெண்குரல்

நாள் 1 — 09:10
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் சுடலைமுத்து, ஒலிப்பதிவுப் பொறியாளர். இந்த விண்கலத்தில் ஒரே ஆள். ஜெர்மனியின் எல்பன்ரோடா நகர வானொலியின் பதிவுகளெல்லாம் போரில் எரிந்துவிட்டன. அலைகள் எரியவில்லை, விண்வெளியில் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒளியை முந்தித் தாவி அவற்றைப் பதிவுசெய்து திரும்ப வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் இன்னும் பழைய ஒலிபரப்பு கிடைக்கும். இன்று 1938. அணிவகுப்பு, ஒரே கூச்சல். பதிவு சுத்தம். காதுதான் வலிக்கிறது.

நாள் 9 — 14:30
1932. அறிவிப்பாளர் ஹெட்விக். ஆற்று நீர்மட்டம், உருளைக்கிழங்கு சமையல். இருமினால் மன்னிப்புக் கேட்கிறாள். அடுத்த ஆண்டு, யூதப் பெண் என்று அவளை வேலையிலிருந்து நீக்குவார்கள். அதன்பின் எந்த ஆவணத்திலும் அவள் இல்லை.
என்னைவிட மூத்தவள். "அக்கா, அங்க இருக்காதீங்க, கிளம்புங்க" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். வெட்கக்கேடு.

நாள் 15 — 11:05
திசைமாற்றி செத்துவிட்டது. கலம் தானாக வெளிப்பக்கமே தாவுகிறது, தாவலும் குறுகிவருகிறது. இனி ஊர் திரும்ப முடியாது.
1926. ஹெட்விக்கின் குரல் இளசாகிவிட்டது. இனி அக்கா என்று கூப்பிட முடியாது. நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒலிவாங்கி முன் ஒரு தாளக் கருவியை ஓடவிடுகிறார்கள், நிலையம் உயிரோடு இருக்கிறது என்று தெரிய. டிக், டிக். அதைக் கேட்டபடிதான் சாப்பிடுகிறேன்.

நாள் 22 — 16:40
1924 ஜூன். நிலையம் தொடங்கி மூன்றாவது வாரம். எதிரொலிக்காமலிருக்க அறை முழுக்கக் கம்பளி தொங்குகிறதாம். வேர்த்துக்கொட்டுகிறது என்று சிரித்தாள். பிறகு சொன்னது, என் தமிழில்:
"எங்க குரல் எவ்வளவு தூரம் வருதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க. கேக்கிறவங்க ஒரு தபால் அட்டை போடுங்க. ஊர் பேரை மறந்துடாதீங்க."
எழுதினேன். ஊர்: எதுவுமில்லை. ஒலி: தெளிவு. போடத்தான் பெட்டியில்லை. வாய்விட்டு அழுதேன்.

நாள் 24 — 08:15
இன்னொரு தாவல், மிகச் சின்னது. அதோடு தாவுபொறி அணைந்தது. காற்றுச் சுத்திகரிப்பானும் நின்றது.
வெறும் இரைச்சல். குரல் இல்லை, டிக் டிக்கும் இல்லை. கணக்குப் போட்டேன். நிலையம் தொடங்குவதற்கு முந்தைய நாட்களுக்கு வந்துவிட்டேன். இங்கேயே கிடந்தால் அவளுடைய முதல் வணக்கம் என்னை வந்துசேர எட்டு நாள் ஆகும்.
காற்று ஐந்து நாளைக்கு.

நாள் 26 — 10:50
அசையாமல் படுத்திருக்கிறேன். அப்படியிருந்தால் அந்த ஐந்து நாள் காற்று மொத்தம் ஆறரை நாள் வரும். ஆறரை. எட்டு இல்லை.
பயமாக இருக்கிறது. சாவதற்கு அவ்வளவாக இல்லை. அவள் வணக்கம் சொல்லும்போது இங்கே ஆளில்லாமல்

நாள் 29
பதிவுக் கருவியைப் பத்து நாள் ஓடும்படி வைத்துவிட்டேன். எழுதினால் மூச்சு வாங்குகிறது.
யாராக இருந்தாலும், முதலில் நீண்ட இரைச்சல் வரும். நிறுத்திவிடாதீர்கள். கொஞ்சம் உட்காருங்கள். அவள் வருவாள்