இரண்டு கைடுக்கு இரண்டு பிரதி

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. அயனம்பாக்கம் ஏரிக்கரை நடை இன்றும் இல்லை. வியாழன் என் பிஎச்.டி. டாக்டரல் கமிட்டி கூடுகிறது. ஒரு வருட நீட்டிப்பு தந்தால் பிழைத்தேன். இல்லையென்றால் பதிவு ரத்து, நாலு வருட உழைப்பு குப்பைக்கு.

தலைப்பு: இயந்திரம் மன்னிப்புக் கேட்க முடியுமா? பாதி தத்துவம், பாதி கணினி. அதனால் கைடும் இரண்டு பேர்.

வசந்தி மேடம் (தத்துவம்): "அந்த கஸ்டமர் கேர் சாட்பாட் பேச்சையெல்லாம் தூக்கிடும்மா. இது தீசிஸா, புகார் பெட்டியா?"

ராஜசேகர் சார் (கணினி): "மூணாவது இயல் முழுக்கப் பேச்சாவே இருக்கேம்மா. ஒரு டேபிள்கூட இல்லையே?"

வாங்க: பால், துவரம்பருப்பு, பிரிண்டர் மை.

ஜூன் 10, செவ்வாய்

மூன்றாம் இயலை இரண்டு விதமாக எழுதினேன். மேடத்துக்கு அட்டவணை இல்லாமல். சாருக்குத் தத்துவத்தைச் சுருக்கி, அட்டவணைகளோடு. தனித்தனி மெயில். இருவரிடமிருந்தும் ஒரே பதில்: இப்போது நன்றாக இருக்கிறது. அட, இதை எப்போதோ செய்திருக்கலாம்!

கணவர் செந்தில்தான் அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தார். "ரெண்டு பேரும் வியாழக்கிழமை ஒரே ரூம்லதானே உக்காருவாங்க?"

"உக்காருவாங்க. பேசிக்க மாட்டாங்க," என்றேன். இத்தனை வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஐ.டி.யில் வேலை பார்ப்பவர், எதை எடுத்தாலும் பிரச்சினையைத்தான் தேடுவார்.

ஜூன் 11, புதன்

புழுக்கம். வேலப்பன்சாவடியில் வகுப்பு முடிந்து ஷேர் ஆட்டோ. ஒருவர் பக்கத்து ஆளின் காலை மிதித்துவிட்டார்.

"அதான் சாரி சொல்லிட்டேன்ல, இன்னாத்துக்கு மொறச்சிகினு கீற?"

"மூஞ்ச எங்கியோ வெச்சிகினு சொல்ற. அது ஒரு சாரியா நைனா?"

என் மூன்றாம் இயலே இதுதான். சேர்க்கக் கை பரபரத்தது. சேர்த்தால் மேடம் வெட்டுவார். சார், எத்தனை ஆட்டோவில் ஆய்வு செய்தாய் என்பார்.

பருப்பு வாங்கியாச்சு. மை மறந்தேன்.

ஜூன் 12, வியாழன்

எல்லாம் நாசம்.

"நாற்பதாம் பக்கம் பாருங்க, அருமையா எழுதியிருக்கா," என்றார் மேடம். சார் தன் பிரதியைப் புரட்டினார். அவருடைய நாற்பதாம் பக்கத்தில் அட்டவணை. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். முதல்முறையாக இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: நான் ஏமாற்றுக்காரி.

கமிட்டித் தலைவர்: "மொதல்ல ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேளும்மா. அப்புறம் நீட்டிப்பைப் பத்திப் பேசலாம்."

துளி வருத்தம் இல்லை எனக்கு. கோபம்தான். இவர்கள் பேசிக்கொள்ளாததற்கு நடுவில் பந்தாடப்பட்டவள் நான். ஆனாலும் எழுந்து நின்றேன்.

"ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்கிறேன்."

நான் சேகரித்த கஸ்டமர் கேர் சாட்களில் இயந்திரம் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியம். வேறெதுவும் வாயில் வரவில்லை. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும்மா, உக்காரு." சார், "மனசுலேர்ந்து சொன்னா. அது போதும்," என்றார்.

நீட்டிப்பு கிடைத்தது. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். யார்மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை. செந்தில் மைசூர்பாக் வாங்கி வந்தார். "அதான் கெடச்சிடுச்சே, இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

மூன்றாம் இயலைத் திறந்தேன். முடிவுரை: "வருத்தம் இல்லாமல் இயந்திரம் சொல்லும் மன்னிப்பைப் போலியென்று மனிதர்கள் கண்டுகொள்வார்கள், ஏற்கமாட்டார்கள்." இரண்டு பிரதியிலும் மாறாமல் இருந்தது இந்த ஒரு வரிதான்.

அழித்தேன். இயல் மூன்று, மறுபடி முதலிலிருந்து.