லேண்ட்லைனில் இப்போது யார் கூப்பிடுகிறார்கள்?

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் நாள் முழுக்க "ஹலோ, கேக்குதா?" தான். நம்பரை மாற்றாமல் செல்போன் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி அடுத்த மாதம் வருகிறது. பஸ் முதுகில்கூட விளம்பரம். அதற்கு எல்லா கம்பெனிகளும் தயாராகணுமாம். தயாராவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நான் எங்கள் செல் கம்பெனியிலிருந்து போன் போடுவேன், போட்டிக் கம்பெனியில் ஒருத்தர் எடுப்பார். கனைத்துவிட்டுத்தான் ஹலோ சொல்வார். முகம் பார்த்ததில்லை, கனைப்பு என்று நானே பெயர் வைத்துவிட்டேன். ஒரு மாதமாகப் பெண்டாட்டியைவிட அவரோடுதான் அதிகம் பேசியிருக்கிறேன்.

சாயங்காலம் தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டயாலிசிஸ் முடிந்து, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிட்னிக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பது இது மூன்றாவது வருஷம். "வார்டுக்குள்ள எனக்கு சிக்னலே இல்லண்ணா. உங்க கம்பெனிதான் இங்க நல்லா எடுக்குது. வசதி வந்ததும் மாறிடுவேன். நம்பரை மட்டும் விட மாட்டேன், இந்த ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட அதுதானே இருக்கு" என்றான்.

கிட்னி கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் அவனுக்குப் போன் போடுவார்கள். எடுக்காவிட்டால் எனக்கு. நானும் எடுக்காவிட்டால் அடுத்த நோயாளிக்குப் போய்விடும், காத்திருக்க மாட்டார்கள். குளிக்கப் போனால்கூட போனை பாத்ரூம் ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் குளிக்கிறேன்.

மார்ச் 7

மீட்டிங். சோதனைக்கு நிஜமான நம்பர்கள் வேண்டும், யார் கொடுக்கிறீர்கள் என்று மேனேஜர் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நாம் செய்த வேலையை நாமே நம்பாவிட்டால் வேறு எவன் நம்புவான்? கையைத் தூக்கினேன்.

லேண்ட்லைனில் இருந்தும் போட்டுப் பார்க்க வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். "லேண்ட்லைனா? அதுல இப்ப ராங் நம்பர்கூட வர்றதில்லைங்க" என்றேன். ஒரே சிரிப்பு.

மார்ச் 10

என் நம்பர் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டது. அதே நம்பர், புது சிம். ஒவ்வொரு கம்பெனி செல்லிலிருந்தும் போட்டுப் பார்த்தோம், எல்லாம் அடித்தது. கனைப்பு முதல்முறையாக ஹலோவுக்கு மேல் ஒரு வார்த்தை பேசினார்: "வாங்க வாங்க, நம்ம வீட்டுக்கு வந்துட்டீங்க." சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

நேற்றும் இன்றும் போன் அடிக்கவே இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 18

சனிக்கிழமை விடியற்காலை கிட்னி வந்திருக்கிறது.

வந்து, போய்விட்டது. தம்பிக்கே இன்று டயாலிசிஸுக்குப் போன இடத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள். சார்ஜ் இறங்கி அவன் போன் அணைந்து கிடந்திருக்கிறது. "நீ ஏண்ணா எடுக்கல?" என்றான். எனக்கு வரவே இல்லையேடா! சண்டைக்குத்தான் போனேன், கிட்னிக்குப் பதிவு பண்ணுகிற பெண்ணிடம். என்னம்மா விளையாடுறீங்களா, உயிர் சமாச்சாரம் இது என்று எகிறினேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "மூணு தடவை போட்டேன் சார். இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னே வந்துச்சு."

அப்போதுதான் அவள் மேஜையைப் பார்த்தேன். சுருள் ஒயரோடு, பழைய போன். லேண்ட்லைன்.

தம்பி வெளியே பெஞ்சில் இருந்தான். என்ன சொன்னாங்க என்றான். ஏதோ லைன் கோளாறாம் என்றேன். "அவங்கள என்ன சொல்றது, சார்ஜ் போடாம தூங்கின முட்டாள் நான்தானே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

மார்ச் 19

நேற்றே என் நம்பரை எங்கள் கம்பெனிக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். இனி என்ன பிரயோஜனம்.

எழுதிப் பார்த்தால் குழந்தைக்குக்கூடப் புரியும். ஒரு நம்பர் எந்தக் கம்பெனிக்கு மாறியிருக்கிறது என்று செல் கம்பெனிகள் பார்த்துவிட்டு அனுப்பும். லேண்ட்லைன்காரர்களுக்கு யாருமே சொல்லவில்லை. அவர்கள் நம்பரின் முதல் சில எண்களைப் பார்த்து, பழையபடி எங்களுக்கே அனுப்பியிருக்கிறார்கள். எங்களிடம் அந்த நம்பர் இல்லை. கம்பெனி மாறியபோது அழித்தது யார்? நான். இதே கையால். எங்கள் ஆபீஸ் மாடியில் போட்டுப் பார்க்க ஒரு லேண்ட்லைன்கூடக் கிடையாது, இருந்திருந்தாலும் சீண்டியிருக்க மாட்டோம்.

"தம்பிகிட்ட சொல்லிடுங்க" என்கிறாள் பெண்டாட்டி. சொல்லணும். எந்த வாயால்?

மார்ச் 21

மேனேஜரிடம் சொன்னேன். தேதியைத் தள்ள முடியாது என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "நீங்கதானே சொன்னீங்க, லேண்ட்லைன்ல ராங் நம்பர்கூட வராதுன்னு."

கத்திவிட்டேன். "ஆஸ்பத்திரில இருந்து வரும் சார்! ஸ்கூல்ல இருந்து வரும்! போலீஸ்ல இருந்து வரும்! நீங்க செத்தா மார்ச்சுவரிக்காரன் அதுலதான் உங்க வீட்டுக்குச் சொல்வான்!" எனக்கே என் குரல் அசிங்கமாக இருந்தது. அவர் முகம் செத்துவிட்டது. மத்தியானமே லேண்ட்லைன் கம்பெனிக்குப் பேசி, அவர்களையும் சோதனையில் சேர்த்துவிட்டார்.

இவ்வளவுதானா? ஒரு போன் பண்ணுகிற வேலைதானா இது?

மார்ச் 27

சொல்லவில்லை.

ஏப்ரல் 1

தம்பி ரெண்டு புது சார்ஜர் வாங்கியிருக்கிறான். ஒன்று தலைமாட்டில், ஒன்று கக்கூஸ் வாசலில். "இனி அணையவே அணையாதுண்ணா" என்று எனக்குக் காட்டினான். முகம் வீங்கியிருக்கிறது, கண் உள்ளே போய்விட்டது. சீ, நானெல்லாம் ஒரு அண்ணன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வசதி இன்று வந்துவிட்டது. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. கனைப்பு கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்று தம்பி எங்கள் கம்பெனிக்கு மாறிவிட்டான். டயாலிசிஸ் நேரத்துக்குள் நம்பரும் வந்துவிட்டது.

என் கண்ணால் பார்க்காமல் விடக் கூடாதென்று நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவள் மேஜை போனிலிருந்தே அவன் நம்பரைப் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினோடு படுத்திருந்தான். அடித்தது. அப்பாடா என்று நினைத்தேன், மடையன். அது யார் நம்பர் என்று அவனுக்குத் தெரியுமே.

திடுக்கென்று எழுந்தான். டியூப் இழுபட்டு நர்ஸ் கத்தினாள். "மேடம்! கிடைச்சுடுச்சா மேடம்? நான் வார்டுலதான் இருக்கேன், இங்கயேதான் மேடம் இருக்கேன்!"

"நான்தான்டா. டெஸ்ட் பண்றேன்."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் தூக்கியது, நம்பரை அழித்தது, பெஞ்சில் அவன் அழுதபோது சும்மா நின்றது. மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் எழுந்து போகக்கூட அவனால் முடியாது. "எப்ப இருந்து தெரியும்?" என்றான். அன்னைக்கே தெரியும் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மெஷினை எடுக்க நர்ஸ் வந்தபோதுதான் பேசினான். என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது நம்பரா இனிமே அண்ணியோடத குடுத்துடுண்ணா."

அந்தப் பெண்ணிடம் போய்ப் பெண்டாட்டி நம்பரைச் சொல்லிவிட்டு, என்னுடையதைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். அடித்துவிட்டாள்.