திரையில் அரக்கு, ஆர்டரில் பச்சை

வெள்ளிக்கிழமை, அமாவாசை.

நான் பார்த்துக்கொள்ளும் பட்டுக்கடை இணையதளத்தில் முன்பெல்லாம் ஒரு நிறத்தைத் தொட்டால் முழுப் பக்கமும் மறுபடி லோட் ஆகும். போன வாரம் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் சேர்த்து, புடவைப் படம் மட்டும் சட்டென்று மாறும்படி செய்தேன். கடைக்கார சரோஜாக்கா தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

இன்று காலை அவரே போன் செய்தார். "இன்னாபா இது? கல்யாணப் பொண்ணு அரக்குதான் தொட்டேன்னுது. எனக்குப் பச்சைன்னு வந்திருக்குது. நேத்தே ஐயம்பேட்டைக்குச் சொல்லிட்டேனே!"

படத்தை மாற்றிய நான், ஆர்டரோடு சர்வருக்குப் போகும் நிறத்தை மாற்றவே இல்லை. பக்கம் திறந்தபோது இருந்த பச்சையே போயிருக்கிறது. திருத்துவதற்கு முன்பே ஐயம்பேட்டையில் நெய்யும் குமாரண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, பச்சைப் பாவு நூலைத் தறியில ஏத்திட்டீங்களா?"

"அமாவாசையில எவன்பா தறியில உட்காருவான்? நாளைக்குத்தான் ஏத்தணும்."

பச்சை வேண்டாம், அரக்கையே ஏற்றச் சொன்னேன். அப்புறம்தான் திருத்தினேன். அந்த மாற்றத்துக்குப் பிறகு ஆர்டர் கொடுத்த மற்றவர்களையும் கேட்டாகிவிட்டது. எல்லோரும் பச்சையேதான் கேட்டிருந்தார்கள், நல்லவேளை.

இனி எதைப் புதிதாகச் சேர்த்தாலும் அமாவாசைக்கு முந்தின நாள்தான் ஏற்றுவேன்.