சுரேஷ்கண்ணன் பூங்காவுக்கு வந்த அன்று

அனுமந்தன்பட்டி,
வைகாசி 12, திங்கள்.

அன்பு மகள் சினேகாவுக்கு,

உன் தலைவலி தேவலையா? நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் வார்டு மாற்றிக் கொடுத்தார்களா? நீ அம்மாவிடம் பேசும்போது அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன், அதனால் தெரியும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. இங்கே கோடை மழை இரண்டு தடவை நன்றாக இறங்கிவிட்டது.

என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் இதைக் கடிதமாக எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்க்கிற ராயப்பன்பட்டி ஜாய்ஸ் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறது, அதனிடம் கொடுத்து அனுப்புகிறேன். கிழித்துப் போடுவதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நான் வேலைக்குப் போவது உனக்குத் தெரியுமோ என்னவோ. சின்னமனூருக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் மேலணை, கீழணை என்று இரண்டு சின்ன நீர்த்தேக்கங்கள் இருக்கின்றனவே, அதைச் சுற்றிப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுவது என் வேலை. நீ போன பிறகு நம் தெருவில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அங்கே மந்தியும் மலை அணிலும் என்னை ஒன்றும் கேட்பதில்லை.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை மூன்று மணி இருக்கும். ஒரு காரில் இருந்து நாலு பேர் இறங்கினார்கள். போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர், அவர் சம்சாரம், அவர் மகள் சொர்ணலதா, மருமகன். மருமகன் யார் என்கிறாய்? உனக்கு நிச்சயம் பண்ணியிருந்த சுரேஷ்கண்ணன்தான். உன் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் நம் வாசலில் வந்து நின்று, "மாமா, கோயம்புத்தூர்ல இவ இன்னொருத்தன் கூட இருந்ததை என் கண்ணால பாத்தேன்" என்று அழுதானே, அவனேதான்.

என்னைக் கண்டதும் அவன் முகம் வெளுத்துப்போனது. மற்றவர்கள் மானைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "மாமா, பழசு எதையும் பேசிராதீக. அவளுக்கு மாசம் அஞ்சு" என்று கெஞ்சினான். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். கொடுக்கும்போதே என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது ஆத்தா. அவன் உடனே வேறு இடத்தில் பெண் கட்டினான் என்று கேட்டதில் இருந்தே அவன் சொன்னது பொய்யோ என்று சந்தேகம்; நாலு வருஷமாகப் படுத்தால் அவன் முகம், எழுந்தால் அவன் முகம். அவனே என் கையில் வந்து விழுந்தால் விடுவேனா?

மேலணைக் கரை மேட்டில் யுத்தக் காலத்துக் காவல் கூண்டு ஒன்று இருக்கிறது. ஜப்பான்காரன் விமானத்தில் வந்து குண்டு போடுவான் என்று பயந்து வெள்ளைக்காரன் கட்டியது. மேட்டில் ஒரு சிப்பாய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பானாம். நாற்பது படி கீழே கல்லால் கட்டிய பதுங்கறையில் மற்றவர்கள் இருப்பார்களாம். அவன் சொல்வது இவர்களுக்குக் கேட்க ஓர் இரும்புக் குழாய் போட்டிருக்கிறார்கள். கீழே முணுமுணுத்தாலும் மேலே காதோரம் பேசுகிற மாதிரி கேட்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் செய்து காட்டுவேன்.

பேட்டரி வண்டியில் எல்லாரையும் மேட்டுக்குக் கூட்டிப்போனேன். எதிர்க்கரையில் ஏழெட்டுக் காட்டுமாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கியிருந்தன. நல்ல கூட்டம், இரண்டு கன்று. அதைக் காட்டி மூவரையும் அங்கேயே நிறுத்தினேன். அவன் காட்டுமாட்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, சொர்ணலதாவிடம் குழாயின் வாயைக் காட்டி, "இதுல காத வச்சுக்க தாயி, கீழயிருந்து உன் வீட்டுக்காரரு பேசுவாரு" என்றேன். அது சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு காதை வைத்தது. படி வழுக்கும், மாசமாயிருக்கிற பிள்ளை இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவனை மட்டும் அழைத்துக்கொண்டு இறங்கினேன்.

பதுங்கறைக்குள் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிற கல்லில் அவனை உட்காரவைத்தேன். "அன்னைக்கு எங்கிட்டச் சொன்னது நெசமா? என் மனசு ஆற மாட்டேங்குது. எனக்கு மட்டும் சொல்லு, நான் எவர்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கேட்டேன். வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு சொன்னான். "இல்ல மாமா. போடியில இருந்து பெரிய சம்பந்தம் வந்துச்சு. நாங்களா வேணாம்னு சொன்னா ஊரு எங்களத்தான் ஏசும். அதான் அவ மேல ஒரு சொல்லப் போட்டுட்டோம். நான் கோயம்புத்தூருக்குப் போனதே இல்ல."

கோயம்புத்தூருக்குப் போனதே இல்லையாம் சினேகா!

கொடுத்த சத்தியத்தை நான் மீறவில்லை. ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. அவன் சொன்னது குழாய் வழியாக மூவருக்குமே கேட்டிருக்கிறது. நாங்கள் மேலே ஏறி வந்தபோது அந்த வியாபாரி மருமகனைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொர்ணலதா அழவில்லை. என்னிடம் மட்டும், "அவக பேரு என்ன?" என்று கேட்டது. உன் பேரைச் சொன்னேன். பேட்டரி வண்டியில் வாசலுக்கு வந்ததும் அப்பாவும் அம்மாவும் மகளைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினார்கள். அவன் ஏறப் போனபோது கதவைச் சாத்திவிட்டு ஓட்டிப் போய்விட்டார்கள்.

அவன் என்னிடம் ஓடிவந்து, "என் குடும்பத்தைக் கெடுத்திட்டீகளே" என்று கத்தினான். "நானா பேசுனேன்? உன் வாய்தானப்பா பேசுச்சு" என்றேன். மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர். அந்த வெயிலில் நடந்தே போனான். பாதி வழியில் ஒரு மந்தி அவன் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் பிடுங்கிக்கொண்டது. வளைவில் மறைகிற வரைக்கும் நின்று பார்த்தேன். பொய் சொல்லவில்லை, வயிறு குளிர்ந்தது. நாலு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் ருசித்துச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணும் அறியாத புள்ளத்தாச்சியக் காதைக் குடுக்க வச்சுட்டு வந்துருக்கீக" என்றாள். அப்புறம் கேட்டாள்: "அவன் பொய் சொன்னான், சரி. நடுத்தெருவுல வச்சு எம் பிள்ளைய அடிச்சது அவனா?"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். அன்றைக்கு நீ, "அப்பா, என்னைய ஒரு வார்த்தை கேளுங்கப்பா" என்று சொன்னாய். நான் கேட்கவில்லை. இருபத்து நாலு வருஷம் வளர்த்த பிள்ளையின் வாயை நம்பாமல் அந்த வாயை நம்பினேன். உன் போனைச் சுவரில் அடித்தேன். மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு உன்னோடு பேசவில்லை.

சொர்ணலதா போடியில் அப்பா வீட்டில்தான் இருக்கிறதாம். அவன் இரண்டு தடவை போய் வாசலில் நின்று பார்த்தானாம், உள்ளே விடவில்லை என்று கேள்வி. அவன் நிற்கட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பிள்ளையை நினைத்தால்தான் உறுத்துகிறது. சுகமாகப் பெற்றுப் பிழைக்கட்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் தண்ணீர் வருகிற நேரம் பார்த்துப் போய் நின்றேன். குடத்தோடு நின்ற அத்தனை பேரும் அன்றைக்கு நான் உன்னை அடித்ததை வேடிக்கை பார்த்தவர்கள். "எம் மக மேல ஒரு குத்தமும் இல்ல. சுரேஷ்கண்ணன் சொன்னது பொய். அத நம்பி அவளக் கைநீட்டி அடிச்ச நாந்தான் குத்தவாளி" என்று சத்தமாகச் சொன்னேன். அம்மா வந்து கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனாள்.

ஆவணியில் உனக்கு லீவு இருக்கிறது என்று ஜாய்ஸ் சொன்னது. நீ என் நம்பரைத் திறக்க வேண்டாம். என்னோடு நல்ல வார்த்தை பேசவும் வேண்டாம். அம்மாவைப் பார்க்க ஒரு தடவை வா. வந்து, என் மூஞ்சியைப் பார்த்து உன் மனசு ஆறுகிற வரைக்கும் திட்டிவிட்டுப் போ ஆத்தா.

எங்கே இருந்தாலும் நீ நல்லா இருக்கணும்.

உன் அப்பா,
கோட்டைச்சாமி