ஓசியில் கொடுக்காத கிளாம்ப்

என் கையில் ரப்பர் வாடை இன்னும் போகவில்லை, மச்சான். நீ எடுத்து வைக்கச் சொன்ன கிளாம்பை இன்றுதான் என் கடை அலமாரியிலிருந்து இறக்கினேன். உடைந்த குடிநீர்க் குழாயைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும், உள்ளே ரப்பர் வைத்த அந்த இரும்பு வளையம், நீ போய்ச் சேர்ந்த பிறகும் அங்கேயேதான் கிடந்தது.

கரையான்சாவடியில் நம் தெருமுனைக் குழாய் விரிசல் விட்டுச் சாக்கடை உள்ளே புகுந்தபோது நீ வார்டு கவுன்சிலர். "இது இன்னா பெரிய வேலை? மீட்டிங்குல பாஸ் பண்ணிட்டு வந்து வாங்கிக்கிறேன்" என்று கிளம்பினாய். வேடிக்கை பார்க்க நானும் வந்தேன்.

நகராட்சித் தலைவர் சிரித்தார். "இன்னா அண்ணாத்தே அவசரம்? புது லைனுக்கு மானியம் வரப்போவுது. இப்ப ரிப்பேர் பண்ணா, லைன் நல்லா கீதுன்னு மேல எழுதிடுவான். மானியம் பூடும்."

நல்ல கணக்கு! மாமனார் பணம் தருவார் என்று கூரை ஓட்டையை அடைக்காமல் விடுகிற மாப்பிள்ளைக் கணக்கு. மானியம் வரும் என்ற பேச்சிலேயே, குழாய்ப் பராமரிப்புக்கு ஒதுக்கிய நம் வரிப்பணம் மெயின் ரோட்டில் அலங்கார வளைவாக எழுந்து நின்றது. பிறகு மானியமும் வந்தது. பெரிய தொட்டி கட்டினார்கள். தெருக்குழாய் 'அடுத்த கட்டமாம்'. புதுத் தொட்டித் தண்ணீர் இன்றுவரை அதே விரிசல் வழியாகத்தான் வந்தது.

அன்று மீட்டிங்கிலிருந்து வெளியே வந்ததும், "சும்மாவே எடுத்துட்டுப் போய் மாட்டுடா" என்றேன். நீ எரிந்து விழுந்தாய். "ஓசியில குட்த்துடாத மாமே! அப்புறம் நீயும் ஒரு மானியம் ஆயிடுவ. நம்ம வரிக்காசுல வாங்கட்டும். அப்பதான் அடுத்த ஓட்டைக்கும் கை நீளும்."

போன வாரம் எதிர்வீட்டுப் பிள்ளை வாந்திபேதியில் விழுந்தது. தெருவே திரண்டுபோய்க் கத்தினோம். இன்று நகராட்சிப் பொறியாளர் கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, ஃபண்டு இல்ல. நன்கொடையா குடுங்க, உங்க பேர்ல போர்டு வச்சிடலாம்."

"வளைவுல இடமிருந்தா அங்க எழுதிக்கோ. எனக்கு போர்டு வாணாம்."

பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரில் பிடிவாதம் காட்ட முடியுமா? கிளாம்பைக் கொடுத்தேன். கூடவே நகராட்சி பெயரில் பில்லும் போட்டுக் கையில் திணித்தேன். சாயங்காலம் மாட்டிவிட்டார்கள்.

பில் பாஸாகும் வரை ஒரு மீட்டிங்கையும் விடப்போவதில்லை. அந்தக் காசில் கடை ஒரு நாள்கூட ஓடாது, தெரியும். யார் கேட்டாலும் நீ சொன்னதைத்தான் சொல்வேன்: "ஓசி இல்ல, நைனா. நம்ம வரிக்காசை எடு."