கொழுப்பு என்று சொல்லி வைத்தாய்

இன்று காலை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் உன் தங்கையின் கையைத் துடைத்தேன். அரியலூரில் நான் இப்போது வேலை பார்க்கும் லேபுக்கு, ஏழு மாத வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்திருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பாத்துக் குத்துடா, நாளைக்கு இந்தக் கையாலதான் லாரி ஓட்டணும்" என்றாயே, அதே முகத்தோடு.

விக்கிரமங்கலம் பக்கம் உங்கள் ஊருக்கு மரபணு ஆய்வுக்காரர்கள் வந்தபோது, அவர்களுக்காக வீடு வீடாக ரத்தம் எடுத்தவன் நான். உன் அம்மாவைப் பெற்ற தாத்தா களத்துமேட்டில் விழுந்தவர், உன் அம்மா நடவு வயலில். இருவருக்கும் சாகிற வயதில்லை.

முடிவு சொல்ல ஜீப் வந்த நாளில்தான் எல்லாம் கெட்டது. கோளாறு இல்லாதவர்களிடம் வேப்பமரத்தடியில் எல்லார் முன்னாலும் "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார்கள். இருக்கிறவர்களை மட்டும் பால்வாடிக்குள் தனியாகக் கூப்பிட்டார்கள். ரகசியம் காப்பதாக அவர்களுக்கு நினைப்பு. உன்னைக் கூப்பிட்டதுமே தெரு மொத்தமும் உன் முதுகைப் பார்த்தது. இது வம்சாவழியாக வருவது, இதயம் திடீரென்று நின்றுவிடக்கூடும், தங்கையும் தாய்மாமன் குடும்பமும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா உள்ளே, என்னையும் வைத்துக்கொண்டு, பக்குவமாகச் சொன்னார். நீ வெளியே வந்து, "கொழுப்பு ஜாஸ்தியாம். முட்ட திங்கக் கூடாதாம்" என்று சிரித்தாய். "அது எங்களுக்கு முன்னாடியே தெரியுமே" என்று தெருவும் சிரித்தது.

அன்றே என்னை ஓரமாக இழுத்துப் போனாய். "தங்கச்சிய மாமன் மவனுக்குப் பேசியிருக்கு. இது வெளிய தெரிஞ்சா அது வூட்டோட நின்னுடும்டா. கல்யாணம் முடியட்டும், நானே சொல்றேன்."

கல்யாணம் முடிந்தது. "தலைதீவாளி போவட்டும்" என்றாய். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைப் போட்டால் அசதியாக இருக்கிறது, ஸ்டீயரிங் பிடிக்க முடியவில்லை என்று அதையும் நிறுத்தினாய். நான் கத்தினேன். "நீ என்னடா, எமனுக்கு ஏஜெண்டா?" என்று தோளில் தட்டினாய். தங்கைக்குப் பொங்கல் சீர் எடுத்துப் போக வேண்டிய வாரத்தில், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியவன் அப்படியே சரிந்தாய். தெரு இன்னமும் கொழுப்பு என்றுதான் சொல்கிறது. அதனால் உன் சொந்தத்தில் வேறு யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆய்வுக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உரியவரைத் தவிர யாரிடமும் சொல்லக் கூடாது என்ற அவர்கள் விதியும் உனக்குக் கொடுத்த வாக்கும் என் தலையில் தங்கிவிட்டன.

இன்று அந்த வயிற்றைப் பார்த்ததும் தாங்கவில்லை. அவள் மாமியார் வெளியே பெஞ்சில் இருந்தார். "உங்கண்ணனுக்கு இருந்தது கொழுப்பு இல்லம்மா" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"தெரியும்ண்ணே" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே அண்ணன் சொல்லிடுச்சு. மாமன் மவன வாணாம்னா காரணம் கேப்பாங்கல்ல? அதான் கழுத்த நீட்டிட்டேன்."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

கதவைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "வயல்லேர்ந்து வந்தா படியிலயே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்துடுறாரு. என்னான்னு நான் கேக்கல. கேட்டா எல்லாத்தையும் சொல்ல வேண்டி வந்துடும். புள்ள பொறக்கட்டும்ண்ணே."

கல்யாணம், தீபாவளி, இப்போது பிரசவம். ஒரு குடும்பமே நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறதடா.

அவர்களைத் தா.பழூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் மேல் கோபமாக இருக்கிறது. நீ இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது தீர்த்திருப்பேன். இத்தனை நாள் நீ விட்டுப்போனதை நான்தான் சுமக்கிறேன். இனி முடியாது. அவள் என் முகத்தில் விழிக்காமல் போனாலும் சரி.

சற்றுமுன் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடியும் செய்தேன். இன்று அவருக்கு வயலில் அறுப்பு. மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.